உலர்திராட்சைப் பெட்டியில் ஓர் உலை

அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நியூ மெக்ஸிகோவில், நவஹோ என்ற பூர்வகுடி இனத்தார் செய்த பழைய வெள்ளிச் சாமான்களைச் சேர்ப்பவர்களோடு கொஞ்ச நேரம் பேசினாலே ஒரு தரவரிசை காதில் விழுந்துவிடும். உச்சியில் வட்ட வட்ட வெள்ளித் தகடுகளைக் கோத்த காஞ்சோ பெல்ட், பிறை வடிவ நஜா தொங்கும் கழுத்துமாலை, வில் நாண் உரசாமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் கெட்டோ, குதிரைக் கடிவாளத்து வெள்ளி. இவை நவஹோக்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை, அதனால் அசல். கீழே கரண்டி, உப்புக் கிண்ணம், சிகரெட் பெட்டி, கடிதம் பிரிக்கும் கத்தி, சாம்பல் தட்டு. இவை வெள்ளைக்காரர் வீட்டு மேஜைக்காகச் செய்தவை, அதனால் இரண்டாம் தரம். கேலப் ஊரில் ஒரு கடையில் பழைய கரண்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து, அது டூரிஸ்டுகளுக்காகச் செய்த சாமான், நல்லதாக வேறு காட்டுகிறேன் என்று சொல்லி, கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தட்டில் போட்டுவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

அவர் சொன்ன தகவல் தப்பில்லை. என்னைப் படுத்தியதும் அதுதான். மரமும் மண்ணும் கொண்டு கட்டிய ஹோகனில் ஆட்டுக்கறியும் சோளமும் சமைத்துச் சாப்பிட்ட குடும்பங்கள் வெள்ளிக் கரண்டியைத் தேடவில்லை. கரண்டி கேட்டவர்கள் ராணுவ அதிகாரிகள், வியாபாரிகள், ரயிலில் வந்து இறங்கியவர்கள். ஆனால் என் கையில் இருந்த அந்தக் கரண்டி அலட்சியமாகச் செய்த பொருள் இல்லை. குழிவின் அடிப்பக்கம் சுத்தியல் தடம் ஒன்றோடொன்று இழைந்து ஓடியது. காம்பில் சின்னச் சின்னப் பிறைகளை அச்சுக் குத்தி வரிசையாக இறக்கியிருந்தார்கள். ஒன்றுகூட வரிசையை விட்டு விலகவில்லை. குழிவும் காம்பும் சேரும் கழுத்தில் வெள்ளி நல்ல தடிமனாக இருந்தது. கரண்டியை அங்கே மெலிய விட்டால் பத்து வருஷத்தில் வளைந்து முறியும் என்று தெரிந்த கை செய்தது. இதைச் செய்தவர் மனதில் 'எவனோ ஒரு டூரிஸ்ட் வாங்கப் போகிறான்' என்ற எண்ணம் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து பழைய ஆவணங்களைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தத் தரவரிசையின் அடித்தளமே ஆட்டம் கண்டது. 'தங்களுக்காக', 'பிறருக்காக' என்ற கோடு இந்தக் கைவேலையின் தொடக்கத்திலேயே இல்லை. நவஹோக்களில் முதல் வெள்ளித் தட்டான் என்று அவர்கள் மரபு சொல்வது அட்ஸிடி ஸானி என்பவரை. அவர் முதலில் கற்றது இரும்பு வேலை; கற்றுக்கொடுத்தவர் ஒரு மெக்ஸிகோ கொல்லர். குதிரை வாய்க்குள் போகும் கடிவாள இரும்பு செய்து விற்றால் காசு கிடைக்கும் என்பதற்காகத்தான் அவர் அந்த வேலையைத் தேடிப் போனார். பிறகு 1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களை அவர்கள் மண்ணிலிருந்து பெயர்த்து, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து, கிழக்கே போஸ்க் ரெடோண்டோவில் அடைத்தது. நான்கு வருஷம். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே பசியிலும் நோயிலும் வாடினார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1868 ஜூன் 1-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். வெள்ளி வேலை அவர்களிடையே பரவியது அந்தத் திரும்புதலுக்குப் பிறகுதான். ஆடு இல்லை, தோட்டம் எரிந்து கிடந்தது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் கிடைத்த வெள்ளி நாணயத்தை உருக்கிப் பொத்தானும் வளையுமாக அடிக்கத் தொடங்கிய மக்கள் இவர்கள்.

இன்று அசலுக்கெல்லாம் அசல் என்று கண்ணாடிக்குள் வைக்கும் வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அதுவும் சுவையானது. நஜாவின் பிறை ஸ்பானியக் குதிரைகளின் கடிவாளத்திலிருந்து வந்தது. ஸ்பானியர்களுக்கு அது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்களிடமிருந்து வந்தது. கழுத்துமாலையில் பூசணிப்பூ என்று பெயர் பெற்ற மணிகள், ஸ்பானிய உடைகளில் இருந்த மாதுளை வடிவப் பொத்தான்களின் வழி வந்தவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வெள்ளியில் குத்தும் அச்சுகளுக்கான யோசனை மெக்ஸிகோ தோல் தொழிலாளர்களின் அச்சுகளில் இருந்து வந்தது. நவஹோக்கள் எதையும் வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வாங்கியதைத் தங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாற்றினார்கள். 1872 வாக்கில் அட்ஸிடி சோன் என்ற நவஹோ தட்டான், பக்கத்து ஸூனி இனத்தைச் சேர்ந்த லன்யாடே என்பவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். இன்று ஸூனிகளின் கல் பதித்த வெள்ளி உலகம் முழுக்கத் தெரியும். வாங்குவதும் கொடுப்பதுமாகத்தான் இந்தத் தொழில் நடந்திருக்கிறது.

மாத்யூஸின் அறிக்கையில் ஒரு படம்

இது எல்லாவற்றையும் விட என் எண்ணத்தைத் திருப்பியது ஒரு மரப்பெட்டி. வாஷிங்டன் மாத்யூஸ் என்று ஒரு ராணுவ மருத்துவர். 1880-களின் தொடக்கத்தில் கேலப்புக்குக் கிழக்கே இருக்கும் ஃபோர்ட் விங்கேட்டில் பணியில் இருந்தார். நவஹோ மொழி கற்றவர், அவர்களுடைய சடங்குகளைப் பல வருஷம் பொறுமையாகப் பதிவு செய்தவர். நவஹோ வெள்ளித் தட்டான்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று 1883-ல் வெளிவந்த ஓர் அரசாங்க அறிக்கையில் விவரமாக எழுதினார். நேரில் உட்கார்ந்து பார்த்து எழுதப்பட்ட முதல் விரிவான பதிவு அது. அந்த இனத்தின் சிறந்த தட்டான்களில் இருவரைக் கோட்டைக்கு வரவழைத்து, ஒரு வாரம் தன் கண்முன்னே வேலை செய்யச் சொன்னார்.

அந்தப் பதிவில் உள்ள கருவிப் பட்டியலைப் படித்தால் மனசு நெகிழும். பட்டறைக் கல்லாக ஒரு பழைய இரும்பு ஆப்பு, அல்லது வண்டியிலிருந்து கழன்ற பெரிய போல்ட். அதை மரக்கட்டையில் அறைந்து நிறுத்திக்கொள்வார்கள். ஆட்டுத்தோலில் செய்த துருத்தி. வெள்ளியை உருக்க, களிமண்ணைச் சுட்டுச் செய்த சின்ன மூசை. உருக்கிய வெள்ளியை ஊற்ற, மணற்கல்லில் வெட்டிய அச்சு; உள்ளே கொழுப்பு தடவிக்கொள்வார்கள். பற்றவைக்க வெங்காரம், பித்தளை ஊதுகுழல், கொழுப்பில் நனைத்துப் பின்னிய துணித்திரி. மெருகேற்ற மணலும் சாம்பலும். கடைசியில் வெள்ளியை வெளுக்க அந்த மண்ணிலேயே கிடைக்கும் படிகாரம் போன்ற ஒரு கனிமத்தை உப்பு, தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். கரி, ஜூனிப்பர் மரத்தைச் சுட்டு அவர்களே செய்தது. நம் ஊர் ஆசாரிக்கு இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினால் எதற்கும் விளக்கம் கேட்கமாட்டார்.

அந்த அறிக்கையில் ஒரு தட்டான் பட்டறையின் படம் இருக்கிறது. கோட்டைக்குப் பக்கத்தில் கோடைக்காலக் குடிசை ஒன்றில் தற்காலிகமாகப் போட்டது. படத்தை விளக்கும்போது மாத்யூஸ் ஒரு குறை சொல்கிறார். குடிசைக்குக் கோட்டை அருகில் பொறுக்கிய பலகைத் துண்டுகளைப் பயன்படுத்தியிருந்தார்களாம். உலைக்குச் சட்டமாக ஒரு பழைய உலர்திராட்சைப் பெட்டியை வைத்திருந்தார்களாம். இவையெல்லாம் அந்த இடத்தின் பூர்வகுடித் தோற்றத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டன என்கிறார்.

நான் இந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நவஹோக்கள் வெள்ளியைத் தொட்டு இருபது வருஷம்கூட ஆகியிருக்காது. ரயில் கேலப்புக்கு வந்தே ஒன்றிரண்டு வருஷம்தான். அதற்குள்ளேயே, அவர்கள்மேல் அன்பும் மரியாதையும் வைத்திருந்த ஒரு மனிதரின் கண்ணுக்கே, ஒரு மரப்பெட்டி 'அசலைக் கெடுப்பதாக'ப் படுகிறது. தட்டானுக்கோ அது உலைக்கு அளவான பெட்டி. உள்ளே மண்ணைப் போட்டு நிரப்பி, துருத்தி மூக்கைச் செருக இடம் விட்டால் வேலை ஆரம்பித்துவிடலாம். நல்ல பெட்டி, சும்மா கிடைத்தது, எடுத்துக்கொண்டான். நாணயத்தையும் அப்படித்தான் எடுத்தான், ரயில்பாதை ஆணியையும் அரத்தையும் அப்படித்தான் எடுத்து அச்சாக்கினான். கேலப் கடைக்காரரின் தரவரிசை எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பார்க்க வந்தவர்களுக்கு ஒரு படம் மனதில் இருந்தது. பெட்டியோ கரண்டியோ, அந்தப் படத்துக்குள் அடங்காதது எல்லாம் கலப்படம் ஆயிற்று.

அதே அறிக்கையில் இன்னொரு குறிப்பு. பெரும்பாலான தட்டான்கள் பொத்தான், வளையல் போன்ற எளிய சாமான்களோடு நின்றுவிடுவார்கள். மிகக் கடினமான வேலைகளில் ஒன்று புகையிலைச் சிமிழ். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மொத்த இனத்திலும் மூன்று நான்கு பேர்தான், அந்த வடிவமும் மிக அண்மையில் வந்தது என்கிறார் மாத்யூஸ். அந்தச் சிமிழின் வடிவம் என்ன தெரியுமா? அமெரிக்கச் சிப்பாய் தோளில் மாட்டியிருக்கும் தண்ணீர்க் குடுவையின் குட்டி வடிவம். தங்களை நடத்திக்கொண்டு போன ராணுவத்தின் பொருள். இரண்டு குவிந்த தகடுகளை அடித்து, விளிம்போடு விளிம்பு பற்றவைத்து, மூடியும் சங்கிலியும் சேர்த்து, மேலே அச்சும் செதுக்கலுமாக நிறைத்தார்கள். இன்று அந்தச் சிமிழ் ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். வெளியார் வடிவம், கையில் புழங்கும் சாமான், வாங்கியவர்களில் பலர் வெள்ளைக்காரர்கள். அப்படிப் பார்த்தால் அதற்கும் கரண்டிக்கும் என்ன வேறுபாடு? அது பழசு, அவ்வளவுதான்.

எடைக்குக் கூலி

கெட்டது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. கடைக்காரர் வெறுக்கும் மலிவுச் சாமான்கள் நிஜமாகவே உண்டு, நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். தகடு காகிதம்போல இருக்கும். அம்பும் இடிப்பறவையும் ஏனோதானோ என்று குத்தப்பட்டிருக்கும். இது எப்படி வந்தது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. வாங்குபவர் வெளியார் ஆனதால் வேலை கெட்டது என்று ஒரு சுலபமான கதை சொல்கிறார்கள். நான் படித்த வரையில் வேலையைக் கெடுத்தது கூலிக் கணக்கு.

மாத்யூஸின் தட்டான்கள் தரையில் குனிந்து உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு 12 முதல் 15 மணி நேரம் உழைத்தார்கள். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே வேலைக்குத் திரும்பினார்கள். எப்போதாவது ஒரு சிகரெட் சுருட்டவும், வேலையைப் பற்றிக் கலந்து பேசவும் மட்டும் நிறுத்தினார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டதில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 டாலர் கிடைத்தது. பெரிய பணம் இல்லை, ஆனால் வேலைக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. ஒரு கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி டாலர் ஒன்றின் எடை 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நாணயத்தை உருக்கி, கல் அச்சில் வார்த்து, சுத்தியலால் நீட்ட வேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விளிம்பு கீறும். அதனால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஒரு நுனியை அகலமாக்கி மரக்கட்டையில் செதுக்கிய குழியில் வைத்து உருண்டைமுகச் சுத்தியலால் மெல்ல இறக்குவார்கள். காம்பில் அச்சுக் குத்தும்போது ஒவ்வொன்றும் ஒரே அடியில் இறங்க வேண்டும். கை நடுங்கி இரண்டாவது அடி விழுந்தால் நிழல்போல இன்னொரு கோடு நிற்கும், அதை அழிக்க முடியாது. எல்லாம் முடிந்த பிறகு அரம், மணல், சாம்பல். 1890-களில் அமெரிக்கா முழுக்க நினைவுக் கரண்டி சேர்க்கும் மோகம் பரவியது. இந்தப் பக்கத்துத் தட்டான்களுக்கும் கரண்டிக்கு ஆர்டர் வந்தது. அந்தக் காலத்துக் கரண்டிகளில் மேலே சொன்ன உழைப்பு அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிறது. அவையும் டூரிஸ்டுக்காகச் செய்தவைதான்.

1899-ல் ரயில் நிலைய ஓட்டல்களை நடத்திய ஃப்ரெட் ஹார்வி கம்பெனியின் ஹெர்மன் ஷ்வைட்ஸர் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார். வெள்ளியையும் பட்டை தீட்டிய பச்சைநீலக் கற்களையும் வியாபாரிகள் வழியாகத் தட்டான்களிடம் கொடுத்து, பயணிகள் சுலபமாக வாங்கி அணியும்படி லேசான நகைகளைச் செய்து வாங்கினார். பின்னால் இந்த முறை எங்கும் பரவியது. வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார், தட்டான் முடித்த சாமானை நிறுத்து வாங்குவார், அவுன்ஸுக்கு இவ்வளவு என்று கூலி. செய்கூலி, சேதாரம் என்று நகைக்கடை ரசீது படித்து வளர்ந்த நமக்கு இதன் விளைவு உடனே புரியும். எடைக்குக் கூலி என்றால் காய்ச்சி ஆறவிடும் நேரத்துக்குக் கூலி இல்லை. அச்சை நேராக வைக்கப் பிடித்த மூச்சுக்குக் கூலி இல்லை. ஒரு கரண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்தவனும், மதியத்துக்குள் நாலு கரண்டி தட்டிப் போட்டவனும் ஒரே விகிதத்தில் வாங்கினால், அடுத்த தலைமுறை எதைக் கற்றுக்கொள்ளும்? அதோடு 1930-களில் மேய்ச்சல் நிலம் தேய்கிறது என்று அரசாங்கம் நவஹோக்களின் ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தது. ஏராளமான ஆடுகள் சுட்டுக்கொல்லப்பட்டன. கம்பளியும் குட்டியும் விற்று வாழ்ந்த குடும்பங்களுக்குக் கைவேலைக் காசு திடீரென்று பெரிதாயிற்று. கிடைத்த கூலிக்குச் செய்தார்கள். அந்த மலிவுக் கரண்டியைப் பார்த்துத் தட்டானின் ரசனை கெட்டுவிட்டது என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அதே வருஷங்களில் நகரத்துப் பட்டறைகளில் இயந்திர அழுத்தியால் வெட்டிய தகடுகளும் வந்துவிட்டன. அமெரிக்க அரசாங்கம் 1935-ல் பூர்வகுடிகளின் கைவேலைக்காக 'இந்தியக் கலை, கைவினை வாரியம்' என்ற ஒன்றை அமைத்தது. 1938 முதல் தரமான கைவேலைக்கு முத்திரை குத்தும் திட்டம் நடந்தது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வடிவத்தையும் பழைய முறையையும் காப்பாற்றும் கவலை அதில் இருந்த அளவுக்கு, தட்டானின் மணிக்கணக்கைப் பற்றிய கவலை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய கரண்டிகளிலும் பெட்டிகளிலும் ஸ்வஸ்திகாவைப் பார்த்து நம்மவர்கள் திகைப்பார்கள். சுழலும் மரக்கட்டை என்று நவஹோக்கள் சொல்லும் அந்தச் சின்னம் அவர்களுடைய சடங்குக் கதையில் வருவது. நாஜிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வியாபாரிகள் விரும்பிக் கேட்டதால் கரண்டிக் காம்புகளில் நிறைய ஏறியது. 1940 பிப்ரவரியில் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாபகோ இனத்தவர் கூடி, இனி எங்கள் கைவேலையில் இதைப் பயன்படுத்தமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். தங்கள் சின்னத்தை வேறு எவரோ அசிங்கப்படுத்தியதற்காக இவர்கள் அதைக் கைவிட வேண்டி வந்தது. அந்தக் கரண்டிகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கென்னத் பெகேயின் மேஜை

கூலியும் நேரமும் ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டுச் சாமானில் இந்தக் கை எவ்வளவு தூரம் போகும்? அதற்குக் கென்னத் பெகேயைப் பார்த்தால் போதும். 1913-ல் பிறந்தவர். முதலில் இரும்பு வேலை படித்தவர், அட்ஸிடி ஸானியைப் போலவே. ஃபோர்ட் விங்கேட் பள்ளியில் வெள்ளி கற்றார். மாத்யூஸ் அந்த இரண்டு தட்டான்களைப் பார்த்துக் குறிப்பெழுதிய அதே ஃபோர்ட் விங்கேட். 1940-களின் பிற்பகுதியிலிருந்து 'வைட் ஹோகன்' என்ற கடையில், முதலில் ஃபிளாக்ஸ்டாஃபிலும் பிறகு ஸ்காட்ஸ்டேலிலும், வேலை செய்தார். கரண்டி, முள்கரண்டி, கிண்ணம், மூடி வைத்த பெட்டி, தேவாலயத்துக்கான மதுக்கிண்ணம் என்று மேஜைச் சாமான்களில் அவர் கை வைத்தார். எந்த அலங்காரமும் இல்லாமல் வழவழவென்று விட்ட வெள்ளி. ஓர் ஓரத்தில் மட்டும் பழைய அச்சுக் குத்து. சில இடங்களில் இரும்புமரம் என்று சொல்லும் கருத்த மரத்தைப் பதித்தார். அந்தச் சாமான்களை வாங்கியவர்களும் வெளியார்தான், பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரர்கள். இன்று அவரை நவீன நவஹோ வெள்ளி வேலையின் தந்தை என்கிறார்கள். 1968-க்குப் பிறகு நவஹோ சமுதாயக் கல்லூரியில் சில வருஷம் பாடமும் நடத்தினார். 1977-ல் காலமானார். அவருடைய ஒரு கரண்டியைப் பார்த்து, இது நவஹோ மரபு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நவஹோக்கள் வீட்டிலும் வெள்ளி சும்மா இருந்ததில்லை. பெல்ட்டும் மாலையும் அவர்களுக்குப் பண்டிகைக்கு அணிவது, பஞ்சத்தில் அடகு வைப்பது. வியாபாரியிடம் வைத்து மாவும் காபியும் வாங்கிக்கொள்வார்கள். வசந்தத்தில் கம்பளி விற்றும், இலையுதிர் காலத்தில் குட்டி விற்றும் மீட்பார்கள். சடங்குக்கு அணிய வேண்டியிருந்தால் இடையில் கேட்டு வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. மீட்க முடியாமல் போனவைதான் கண்ணாடிக்குள் 'அசல்' என்று விலை பேசப்படுகின்றன. கரண்டி விற்ற காசில் மீண்ட பெல்ட்டும் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்தக் குழப்பம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் அக்கா மகளுக்கு மதுரையில் குழந்தை பிறந்தது. வெள்ளிப் பாலாடை வாங்கி அனுப்ப வேண்டும். வழக்கமாக ஊரிலேயே வாங்கிவிடச் சொல்வேன். இந்தத் தடவை கேலப்புக்கு வடக்கே வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு நவஹோ அம்மாவிடம் போனேன். எங்கள் வீட்டில் கிடந்த எவர்சில்வர் பாலாடையை எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் அதை உடனே கீழே வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தார். எந்தக் கோணத்தில் பிடிப்பீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு பால், குழந்தை படுத்திருக்குமா மடியில் இருக்குமா என்று கேட்டார். பிறகு, மூக்கைத் தனியாகச் செய்து பற்றவைக்க மாட்டேன் என்றார். பற்றின் ஓரத்தில் பால் தங்கும், தேய்த்தாலும் போகாது, குழந்தை வாயில் வைக்கிற பொருளில் பற்று உலோகம் எதற்கு என்றார். ஒரே தகட்டிலிருந்து அடித்தே மூக்கை இழுத்துக்கொண்டு வருகிறேன், நேரம் ஆகும் என்றார். ஆதிகாலத்துக் காஞ்சோக்களில் நடுவில் ஒரு துளை இருக்கும்; பற்றவைக்கும் வித்தை வசப்படாத காலத்தில் தோல்வாரை அதன் வழியே கோத்தார்கள். அதே போலப் பற்று இல்லாத வேலை, இங்கே வேறு காரணத்துக்காக.

அலங்காரம் பற்றிப் பேச்சு வந்தது. உள்பக்கம் எதுவும் வேண்டாம், பள்ளத்தில் பால் நிற்கும் என்று அவரே சொல்லிவிட்டார். விளிம்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒரு வரிசை. தன் அப்பா பழைய அரத்தில் வெட்டியிருந்த அச்சு ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். நுனியைக் காய்ச்சி மென்மையாக்கி, கோலத்தை வெட்டி, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்கியது. குழந்தை சிரித்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றேன். அவர்கள் வழக்கத்தில் குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிப்பது பெரிய விசேஷம். யார் சிரிக்கவைத்தார்களோ அவர்கள் விருந்து வைக்க வேண்டும். குழந்தையின் கையாலேயே வந்தவர்களுக்கு உப்புக்கல் கொடுக்கவைப்பார்கள், தாராளமாகக் கொடுக்கும் மனசு வளரட்டும் என்று. உங்கள் வீட்டில் சிரிக்கும்போது சொல்லுங்கள் என்றார்.

விலையைத் தாளில் எழுதிக் காட்டினார். வெள்ளியின் எடைக்கு ஒரு தொகை, அதற்குக் கீழே வேலை நேரத்துக்கு ஒரு தொகை. இரண்டாவது முதலாவதைப் போலப் பல மடங்கு. சரி என்றேன். முடிந்ததும் போய் வாங்கிக்கொண்டேன். அடியில் அவர் தன் முத்திரையையும் 925 என்ற எண்ணையும் குத்தியிருந்தார். போலி நவஹோ வெள்ளிக்கு எதிராக 1990-லிருந்து கடுமையான சட்டம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் செய்ததைப் பூர்வகுடி வேலை என்று விற்ற வழக்கில் 2018-ல் ஆல்புகர்க்கி வியாபாரி ஒருவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். ஆனாலும் கேலப்பிலும் ஆல்புகர்க்கியிலும் வாங்கப் போகிறவர்கள் செய்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டே வாங்குங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார்.

பாலாடை மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அக்கா போன் பண்ணினாள். எல்லாம் சரி, மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் குறுகலாக இருந்தால் பால் நிதானமாக இறங்கும் என்றாள். அதை அப்படியே அந்த அம்மாவுக்கு எழுதி அனுப்பினேன். அவர் மகள் வயிற்றுப் பேத்திக்காக இரண்டாவது ஒன்றை ஏற்கெனவே தொடங்கியிருந்தாராம். மூக்கை இறுக்கிவிட்டேன், குழிவையும் ஒரு விரல் ஆழப்படுத்தியிருக்கிறேன், உங்கள் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று பதில் போட்டிருந்தார்.